ஆங்கில வாக்கியத்தின் முடிச்சு எங்கே?

‘பிகாஸ் ஆஃப் ஹி கேம் லேட், ஹி மிஸ்ட் தி பஸ்.’ ஏழாம், எட்டாம் வகுப்பு விடைத்தாள்களில் இப்படியொரு வாக்கியம் அடிக்கடி தலைகாட்டும். ஆசிரியர் ‘ஆஃப்’ மீது சிவப்புக் கோடு போடுவார். மாணவர் திருத்தத்தைப் பார்த்து மூன்று முறை எழுதுவார். அடுத்த வாரம் அதே கையெழுத்தில் ‘இன் ஸ்பைட் ஆஃப் ஹி வாஸ் இல்’ என்று வந்து நிற்கும்.

இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. ‘அவன் தாமதமாக வந்ததால்’ என்ற தமிழ்த் தொடரைப் பிரித்துப் பாருங்கள். ‘வந்தது’ என்பது இங்கே தொழிற்பெயர். ‘ஆல்’ வேற்றுமை உருபு. பெயரும் உருபும் சேர்ந்த அமைப்பு. ஆங்கிலத்தில் ‘பிகாஸ் ஆஃப்’ கேட்பதும் ஒரு பெயரைத்தான். ஆனால் தமிழில் வினை பெயரான பிறகும் ‘அவன்’ எழுவாயாகவே நிற்கிறது. ‘அவனுடைய வந்ததால்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலோ வினை பெயரானதும் ‘ஹி’ என்பது ‘ஹிஸ்’ ஆகிவிட வேண்டும்: ‘பிகாஸ் ஆஃப் ஹிஸ் லேட் அரைவல்.’ பிள்ளை தமிழின் கணக்கைத் துல்லியமாகப் போட்டிருக்கிறது. இடம்தான் மாறிவிட்டது.

நடுநிலை வகுப்புகளில் வாக்கிய அமைப்புப் பயிற்சி பலன் தராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஒரு கருத்தை இன்னொன்றோடு முடிச்சுப் போடத் தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். தமிழ் அந்த முடிச்சை வினையின் வாலில் போடுகிறது: பெய்ததால், பெய்தாலும், பெய்தபோது, பெய்து. ஆங்கிலம் அதைத் தனிச்சொல்லாகத் தலையில் வைக்கிறது; வினையை முழுதாக விட்டுவிடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் சிம்பிள் (ஒரே வினைமுற்று கொண்டது), காம்பவுண்ட் (தனித்து நிற்கும் வாக்கியங்கள் இணைந்தது), காம்ப்ளெக்ஸ் (முதன்மை வாக்கியமும் துணை வாக்கியமும் கொண்டது) என்று பெயர் சூட்டிக்கொண்டே இருந்தால், பெயர்கள் மட்டும்தான் மனப்பாடம் ஆகும்.

மூன்று கட்ட அட்டவணையின் குறை

வழிகாட்டி நூல்களில் ஓர் அட்டவணை உண்டு. சிம்பிளுக்கான முதல் கட்டத்தில் ‘இன் ஸ்பைட் ஆஃப்’, ‘டெஸ்பைட்’; காம்ப்ளெக்ஸுக்கான நடுக்கட்டத்தில் ‘தோ’, ‘ஆல்தோ’; காம்பவுண்டுக்கான மூன்றாவதில் ‘பட்’, ‘யெட்’, ‘ஸ்டில்’. அடுத்த வரியில் ‘பிகாஸ் ஆஃப்’, ‘டியூ டு’. ‘அஸ்’, ‘சின்ஸ்’, ‘பிகாஸ்’. ‘ஸோ’, ‘அண்ட் ஸோ’. அதற்குக் கீழே ‘டூ... டு’, ‘ஸோ... தட்’, ‘வெரி... அண்ட் ஸோ’. தேர்வுக்கு முந்தைய நாள் புரட்டிப் பார்க்க நல்ல அட்டவணைதான். கற்றுக்கொள்ள உதவாது, ஏனென்றால் அது சொல்லை மட்டும் தருகிறது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வரலாம் என்பதைச் சொல்வதில்லை. முதல் கட்டத்துச் சொற்களுக்குப் பின் (‘டூ... டு’ தவிர) பெயர் மட்டுமே வரும். நடுக்கட்டத்துச் சொற்களுக்குப் பின் எழுவாயும் வினைமுற்றும் உள்ள ஒரு முழு வாக்கியம் வரும். ஆனால் அந்தச் சொல் ஒட்டியதும் அதனால் தனித்து நிற்க முடியாது. மூன்றாம் கட்டத்துச் சொற்களுக்குப் பின் வருவதும் முழு வாக்கியம். அது தன் காலிலேயே நிற்கும். அட்டவணையின் தலையில் இந்த மூன்று வரிகளை எழுதி ஒட்டினாலே பாதித் தவறு குறையும்.

வினைமுற்றை எண்ணுதல்

வாக்கியத்தின் நீளத்தைப் பார்த்து வகை சொல்வதுதான் பிள்ளைகள் முதலில் செய்யும் தவறு. ‘தி ஓல்ட் மேன் வித் எ பிக் அம்ப்ரெல்லா ஸ்டுட் அண்டர் தி ட்ரீ நியர் தி ஸ்கூல் கேட்’ என்பது பதினைந்து சொல் நீளம், இருந்தும் சிம்பிள். ‘ஐ நோ ஹி கேம்’ நான்கே சொல், காம்ப்ளெக்ஸ். எண்ண வேண்டியது சொற்களை அல்ல, வினைமுற்றுகளை.

வினைமுற்று எது என்று கண்டுபிடிக்க எளிய வழி, வாக்கியத்தை நேற்றிலிருந்து நாளைக்கு மாற்றுவது. ‘சீயிங் தி டாக், தி பாய் ரான் ஹோம்’ என்பதை நாளைக்கு நகர்த்தினால் ‘சீயிங் தி டாக், தி பாய் வில் ரன் ஹோம்’ என்றாகும். ‘ரான்’ மாறியது, ஆகவே முற்று. ‘சீயிங்’ அசையவில்லை, அது எச்சம். முற்று ஒன்றுதான் என்பதால் வாக்கியம் சிம்பிள். ‘பார்த்து ஓடினான்’, ‘பார்த்து ஓடுவான்’ என்று தமிழில் சொல்லிக் காட்டினால் ஆறாம் வகுப்புக்கும் உடனே விளங்கும். ‘கேன்’, ‘மஸ்ட்’ போன்ற துணைவினைகள் இந்தச் சோதனையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அவற்றை முற்று என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம்.

‘மாலா வாஷ்ட் தி பிளேட்ஸ் அண்ட் ஸ்வெப்ட் தி ஃப்ளோர்’ போன்ற வாக்கியத்தில் எழுவாய் ஒன்று, முற்று இரண்டு. இதைச் சிம்பிள் என்பவர்களும் உண்டு, காம்பவுண்ட் என்பவர்களும் உண்டு. ஒரு வகுப்பில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு போய்விடலாம். இதில் அரை மணி நேரம் வாதாடுவது வீண்.

எண்ணத் தெரிந்ததும் ஒரு கணக்கைக் கொடுங்கள்: முற்றுகளின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது முடிச்சுகளின் எண்ணிக்கை. இரண்டு முற்றுக்கு ஒரு முடிச்சு, மூன்றுக்கு இரண்டு. ‘தோ இட் ரெயின்ட், பட் தி மேட்ச் வென்ட் ஆன்’ என்பதில் முற்று இரண்டு, முடிச்சும் இரண்டு, ஒன்று அதிகம். ‘இட் ரெயின்ட், தி மேட்ச் வென்ட் ஆன்’ என்பதில் முற்று இரண்டு, முடிச்சே இல்லை; காற்புள்ளி முடிச்சாகாது. ‘ஐ நோ ஹி கேம்’ என்பதில் ‘தட்’ ஒளிந்திருக்கிறது என்ற ஒரு விலக்கை மட்டும் சொல்லிவைக்க வேண்டும். இலக்கணப் பெயர் எதுவும் தெரியாத பிள்ளையும் இந்தக் கழித்தலைப் போட்டுத் தன் வாக்கியத்தைத் தானே திருத்திக்கொள்ளும்.

‘தோ... பட்’ ஏன் இவ்வளவு பிடிவாதமாக வருகிறது? ‘மழை பெய்தாலும் ஆட்டம் நடந்தது’ என்பதில் முடிச்சான ‘உம்’ இரண்டு கருத்துகளுக்கும் சரியாக நடுவில் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது தலைக்குப் போய்விட, நடுவில் வெறும் காற்புள்ளி. காதுக்கு அந்த இடம் காலியாகத் தோன்றுகிறது. கை ‘பட்’ போட்டு நிரப்புகிறது. இந்திக்காரர்களும் சீனர்களும்கூட இதே தவறைச் செய்கிறார்கள் என்பதால் முழுப் பழியையும் தமிழ்மீது போட முடியாது. ‘வென் தி பெல் வில் ரிங், வி வில் கோ’ என்பதன் வேர் மட்டும் தெளிவாகவே தெரிகிறது. ‘மணி அடிக்கும்போது’ என்பதில் ‘அடிக்கும்’ எதிர்காலம். ஆங்கிலம் ‘வென்’, ‘இஃப்’, ‘ஆஃப்டர்’ ஆகியவற்றின் பின்னே ‘வில்’லை ஏற்காது, நிகழ்காலமே போதும்: ‘வென் தி பெல் ரிங்ஸ்.’

எல்லா எச்சமும் ‘அண்ட்’ ஆகிவிடும்போது

‘வி வென்ட் டு தி ஃபேர் அண்ட் வி சா எ வீல் அண்ட் வி ஏட் ஸ்வீட்ஸ் அண்ட் வி கேம் ஹோம்.’ இந்த ‘அண்ட்’ சங்கிலியை அறுப்பதற்குத்தான் வாக்கிய அமைப்புப் பாடமே தேவைப்படுகிறது. தமிழில் இதே பிள்ளை ‘திருவிழாவுக்குப் போய், ராட்டினம் பார்த்து, மிட்டாய் சாப்பிட்டு வீட்டுக்கு வந்தோம்’ என்று அழகாகவே சொல்லும். எச்சம் மூன்று, முற்று ஒன்று. ஒவ்வோர் எச்சத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு ‘அண்ட்’ விழுந்துவிடுகிறது.

‘செய்து’ என்ற வாய்பாட்டு எச்சம் தமிழில் பல வேலை பார்க்கிறது. ‘கடைக்குப் போய் வாங்கினான்’ என்பதில் முன்பின் வரிசை. ‘சிரித்துப் பேசினான்’ என்பதில் பேசிய விதம். ‘வழுக்கி விழுந்தான்’ என்பதில் காரணம். ஆங்கிலம் மூன்றுக்கும் மூன்று வழி வைத்திருக்கிறது: முதலாவதற்கு ‘அண்ட்’ அல்லது ‘ஆஃப்டர்’, இரண்டாவதற்கு ‘வித் எ ஸ்மைல்’ அல்லது ‘ஸ்மைலிங்’, மூன்றாவதற்கு ‘பிகாஸ்’ அல்லது ‘ஸோ’. ஆகவே பயிற்சியை ஆங்கிலத்தில் தொடங்க வேண்டாம். ‘செய்து’ எச்சம் வரும் பத்துத் தமிழ் வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் எச்சம் வரிசையா, விதமா, காரணமா என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும். அதன் பிறகு ஆங்கிலச் சொல்லைத் தேர்வது ஊகமாக இருக்காது.

‘சீயிங் தி டாக்’ வகை வாக்கியங்களுக்கும் தமிழ் இலக்கணம் கை கொடுக்கிறது. ‘செய்து’ எச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்கிறது நன்னூல். ‘செய’ எச்சத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை: ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்று எழுவாய் மாறலாம். ஆங்கில ‘இங்’ எச்சம் ‘செய்து’ கட்சி. ‘சீயிங் தி டாக், தி ஸ்டோன் வாஸ் த்ரோன்’ என்றால் கல் நாயைப் பார்த்தது என்று பொருளாகிவிடும். தமிழ் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால்தான் பிள்ளைகள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்பதை ‘ஞாயிறு பட வந்தான்’ என்று பொருள் கொள்ள உரைகாரர்கள் இடம் தருகிறார்கள். ‘மாடு கால் ஒடிந்து விழுந்தது’ என்கிறோம், ஒடிந்தது கால், விழுந்தது மாடு. ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. எழுவாய் வேறானால் ‘இங்’கை விட்டுவிட்டு ‘ஆஃப்டர் தி சன் செட், ஹி கேம்’ என்று முழு முற்றோடு எழுதிவிட வேண்டும்.

‘ஹூ’வும் கத்தரிக்கோலும்

எல்லா அமைப்புகளிலும் அதிக நேரம் கேட்பது, ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ வரும் துணை வாக்கியம். தமிழ்ப் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும்: ‘நேற்று வந்த பையன்.’ ஆங்கிலத்தில் பெயர் முதலில், ‘ஹூ’ அடுத்து, அதன் பிறகே வினை. வரிசை தலைகீழாவது ஒரு சிக்கல்; இன்னொன்று அதைவிடப் பெரிது. பெயரெச்சம் வினைமுதல், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்று ஆறு வகைப் பெயரையும் ஒரே வடிவத்தில் கொள்ளும் என்று நன்னூல் கணக்கிடுகிறது. ‘நான் வாங்கிய பேனா’, ‘நான் எழுதிய பேனா’, ‘நான் படித்த பள்ளி’, ‘மழை பெய்த நாள்’ என்று எல்லாவற்றிலும் வடிவம் ஒன்றே; உறவை நாமே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலமோ முதலாவதற்கு ‘விச்’, இரண்டாவதற்கு ‘வித் விச்’, மூன்றாவதற்கு ‘வேர்’, நான்காவதற்கு ‘வென்’ என்று ஒவ்வோர் உறவையும் வெளியே எழுதிக் காட்டச் சொல்கிறது.

இங்கே வரும் தவறுகள் மூன்று. ‘தி பாய் ஹூ ஹி கேம் எஸ்டர்டே இஸ் மை ஃப்ரெண்ட்’ என்று ‘ஹூ’வுக்குப் பின் ‘ஹி’ ஒட்டிக்கொள்வது. ‘தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே’ என்பதோடு முற்றுப்புள்ளி வைத்துவிடுவது. ‘தி பென் தட் ஐ பாட் இட் இஸ் லாஸ்ட்’ என்று ‘இட்’ மிஞ்சி நிற்பது. முதலும் மூன்றும் ஒரே நோய்: ‘ஹூ’, ‘தட்’ என்பவை ஏற்கெனவே அந்தப் பெயரின் இடத்தைப் பிடித்துவிட்டன என்பது மனத்தில் பதியவில்லை.

வாயால் விளக்குவதைவிடக் காகிதத் துண்டு இதற்கு நன்றாக வேலை செய்யும். ‘தி பாய் இஸ் மை ஃப்ரெண்ட்’ என்று ஒரு துண்டில், ‘தி பாய் கேம் எஸ்டர்டே’ என்று இன்னொன்றில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது துண்டில் ‘தி பாய்’ என்பதைக் கத்தரித்துக் குப்பைக்கூடையில் போட வேண்டும். அந்த வெட்டுவாயில் ‘ஹூ’ என்று எழுதிய சிறு துண்டை ஒட்ட வேண்டும். முதல் துண்டை ‘பாய்’க்குப் பிறகு வெட்டி, நடுவில் இதைச் செருக வேண்டும். ‘தி பாய்’ குப்பைக்கூடையில் கிடக்கிறது. ஆகவே ‘ஹி’யாகத் திரும்பி வர வழியில்லை. முதல் துண்டின் மீதிப் பாதி கையில் இருப்பதால் வாக்கியம் பாதியில் நிற்கவும் முடியாது. ‘தி பென் இஸ் லாஸ்ட்’, ‘ஐ பாட் தி பென்’ என்ற இணையில் கூடுதலாக ஒரு படி உண்டு: கடைசியில் இருக்கும் ‘தி பென்’னை வெட்டி எறிந்துவிட்டு, ‘தட்’டைத் துண்டின் முன்னால் ஒட்ட வேண்டும். இந்த வகையை எழுவாய் வகையோடு ஒரே நாளில் கலக்கக் கூடாது. ஒரு வாரம் இடைவெளி விடுவது நல்லது.

‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி’ என்ற தவறையும் இதே துண்டுகளால் திருத்தலாம். கேள்வி, வாக்கியத்துக்குள் போனதும் கேள்வி வரிசையை இழந்துவிடும்: ‘வேர் ஹி இஸ்.’

பெயர் சூட்டுவதா, இணைப்பதா

அமெரிக்கப் பள்ளிகளில் இந்தக் கேள்வி அறுபதுகளிலேயே எழுந்துவிட்டது. 1965இல் கெல்லாக் ஹன்ட் என்ற ஆய்வாளர் 4, 8, 12ஆம் வகுப்பு மாணவர்களின் எழுத்தை ஆராய்ந்தபோது, வாக்கிய நீளத்தை அளவுகோலாக வைக்க முடியாது என்று கண்டார். ‘அண்ட்’ போட்டுக்கொண்டே போகும் சின்னப் பிள்ளையின் வாக்கியமும் நீளமாகத்தானே இருக்கும்? அதனால் ஒரு முதன்மை வாக்கியமும் அதைச் சார்ந்த துணை வாக்கியங்களும் சேர்ந்ததை ஓர் அலகாகக் கொண்டு, அதற்கு ‘டி-யூனிட்’ என்று பெயர் வைத்தார். அலகின் சராசரி நீளம் 4ஆம் வகுப்பில் 8.6 சொல், 8ஆம் வகுப்பில் 11.5, 12ஆம் வகுப்பில் 14.4. பிறகு 1969இல் ஜான் மெலனும் 1973இல் ஃபிராங்க் ஓஹேரும் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குச் சின்ன வாக்கியங்களைக் கொடுத்து இணைக்கச் சொன்னார்கள். மெலன் இலக்கணக் கலைச்சொற்களையும் சேர்த்தே கற்பித்தார். ஓஹேர் அவற்றை ஒதுக்கிவிட்டு இணைப்பை மட்டும் செய்யவைத்தார், பலனும் கண்டார். 2007இல் ஸ்டீவ் கிரஹாமும் டோலரஸ் பெரினும் 4 முதல் 12 வரையான வகுப்புகளுக்குரிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, வாக்கிய இணைப்புப் பயிற்சியின் விளைவு அளவு (பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டைக் காட்டும் எண்) 0.50, தனியாக இலக்கணம் நடத்துவதன் விளைவு எழுத்துத் தரத்தில் 0.32 அளவுக்கு எதிர்த்திசையில் இருந்தது.

இதை அப்படியே எடுத்துக்கொண்டு ‘இலக்கணமே வேண்டாம்’ என்று முடிவு கட்டுவது நமக்குச் சரிவராது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டு மொழி. காதே பாதித் தவறைப் பிடித்துவிடும். ‘தி பாய் ஹூ ஹி கேம்’ என்பது அவர்கள் காதுக்கு உறுத்தும், நம் பிள்ளைக்கு உறுத்தாது. எனவே விளக்கம் வேண்டும். ஆனால் அந்த விளக்கம் தமிழோடு ஒப்பிட்டு ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும், மீதி நேரம் முழுக்க இணைப்பு நடக்க வேண்டும்.

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 15 நிமிடம் ஒதுக்கினால் போதும். ஆறாம் வகுப்புக்கு ஒரு தொகுப்பில் இரண்டு குறுவாக்கியம். ஏழாம் வகுப்புக்கு மூன்று, நான்கு. எட்டுக்கு ஐந்து, ஆறு வரை. முதல் இரண்டு வாரம் எந்தச் சொல்லால் இணைக்க வேண்டும் என்று குறிப்புக் கொடுங்கள். பிறகு குறிப்பை எடுத்துவிடுங்கள். குறிப்பில்லாத பயிற்சிக்கு உதாரணம் இது: ‘தி டேங்க் வாஸ் ஃபுல்.’ ‘தி டேங்க் வாஸ் பிஹைண்ட் தி டெம்பிள்.’ ‘இட் வாஸ் எ ஹாட் ஆஃப்டர்நூன்.’ ‘தி பாய்ஸ் ஜம்ப்ட் இன்டு தி டேங்க்.’

ஒரு பிள்ளை ‘பிகாஸ் இட் வாஸ் எ ஹாட் ஆஃப்டர்நூன், தி பாய்ஸ் ஜம்ப்ட் இன்டு தி டேங்க் பிஹைண்ட் தி டெம்பிள், விச் வாஸ் ஃபுல்’ என்று எழுதும். இலக்கணத் தவறு இல்லை. ஆனால் நிறைந்திருந்தது குளமா, கோவிலா? இன்னொன்று ‘ஆன் எ ஹாட் ஆஃப்டர்நூன், தி பாய்ஸ் ஜம்ப்ட் இன்டு தி ஃபுல் டேங்க் பிஹைண்ட் தி டெம்பிள்’ என்று எழுதும். நான்கு முற்று ஒன்றாகிவிட்டது. இது சிம்பிள் வாக்கியம்! காம்ப்ளெக்ஸ்தான் உயர்ந்தது, சிம்பிள் சின்னப் பிள்ளைகளுக்கு என்ற எண்ணத்தை இந்த ஒரு விடை கலைத்துவிடும். இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, எது எதற்குப் பொருந்தும் என்று பேசவைப்பதே இந்தப் பயிற்சியின் உயிர்நாடி. ஒரே சரியான விடையை எழுதிப்போட்டு நகர்ந்துவிட்டால், அது பழைய அட்டவணைக்கே திரும்பிப் போவதுதான்.

இணைப்பதைப் போலவே பிரிப்பதும் வேண்டும். பாடநூலில் உள்ள ஒரு நீண்ட வாக்கியத்தை எடுத்து, ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி என்று உடைத்து எழுதச் சொல்லுங்கள். நூலை மூடிவிட்டு, மறுநாள் அந்தத் துண்டுகளை மறுபடி இணைக்கச் சொல்லி மூலத்தோடு ஒப்பிடலாம். பிள்ளை எழுதியது சில நேரம் மூலத்தைவிட நன்றாக இருப்பதும் உண்டு.

சொற்களின் பொருளை ஆழப்படுத்த இன்னொரு பயிற்சி: ஒரே தொடக்கம், மூன்று முடிவு. ‘தி வெல் வாஸ் ட்ரை, பிகாஸ்...’, ‘தி வெல் வாஸ் ட்ரை, பட்...’, ‘தி வெல் வாஸ் ட்ரை, ஸோ...’ என்று மூன்றையும் முடிக்க வேண்டும். ‘பிகாஸ்’ பின்னோக்கிக் காரணத்தைக் கேட்கிறது. ‘ஸோ’ முன்னோக்கி விளைவைக் கேட்கிறது. இரண்டையும் மாற்றிப் போடும் பிள்ளைகளை இதில் உடனே அடையாளம் காணலாம். அறிவியல், சமூக அறிவியல் பாட வரிகளையே தொடக்கமாகக் கொடுத்தால் அந்தப் பாடம் புரிந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

நிறுத்தக்குறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணை வாக்கியம் முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் காற்புள்ளி. பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம், மேலே ‘பிகாஸ்’ முன் போட்டிருப்பது மூன்று முடிவுகளும் ஒரே வடிவில் தெரியத்தான். இரண்டு முழு வாக்கியங்களை ‘பட்’, ‘ஸோ’ இணைத்தால் அவற்றுக்கு முன் காற்புள்ளி. ‘ஹவ்எவர்’, ‘தேர்ஃபோர்’ இரண்டும் முடிச்சுச் சொற்களைப் போலத் தோன்றினாலும் முடிச்சு அல்ல. அவற்றுக்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும்.

திருத்துவதும் அளப்பதும்

புதிய அமைப்பை முயலும் பிள்ளையின் நோட்டில் சில வாரங்களுக்குத் தவறு கூடும். முன்பு பாதுகாப்பாக நான்கு சொல்லில் எழுதியது இப்போது பன்னிரண்டு சொல்லில் தடுமாறுகிறது. அந்த நேரத்தில் எழுத்துப்பிழை, ‘ஏ’, ‘தி’ என்று எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் பிள்ளை நான்கு சொல்லுக்கே திரும்பிவிடும். அந்த வாரம் பழகிய முடிச்சை மட்டும் திருத்துங்கள். முடிச்சு விழ வேண்டிய இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிட்டு, எப்படி முடிப்பது என்பதைப் பிள்ளையிடமே விடுங்கள்.

முன்னேற்றத்தை அளக்க ஹன்ட்டின் அலகு வகுப்பறைக்கும் ஏற்றது. ‘வி வென்ட் டு தி ஃபேர் அண்ட் வி சா எ வீல் அண்ட் வி ஏட் ஸ்வீட்ஸ்’ என்பதில் 14 சொல், மூன்று அலகு, சராசரி 4.7. ‘அட் தி ஃபேர், வி ஏட் ஸ்வீட்ஸ் ஆஃப்டர் வி சா தி வீல்’ என்பதில் 11 சொல், ஓர் அலகு, சராசரி 11. சொல் குறைந்தும் அளவு கூடியிருக்கிறது. பருவத்துக்கு ஒரு முறை, சுமார் நூறு சொல் கொண்ட ஒரு பத்தியில் எண்ணிப் பார்த்தால் போதும். இதற்கு மதிப்பெண் மட்டும் போடக் கூடாது. போட்டால் பிள்ளைகள் தேவையில்லாமல் வாக்கியத்தை இழுத்து நீட்டக் கற்றுக்கொள்வார்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ‘சிம்பிள் சென்டன்ஸாக மாற்றுக’ என்று வரும் கேள்விக்கும் தனியாக மனப்பாடம் வேண்டியிருக்காது. கேள்வி கேட்பது இதுதான்: இரண்டு முற்றில் ஒன்றை நீக்கு. நீக்க மூன்று வழி. ‘தோ ஹி வாஸ் இல், ஹி கேம் டு ஸ்கூல்’ என்றால் முற்றைப் பெயராக்கி ‘இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் இல்னெஸ்’ என்று எழுதலாம். ‘வென் ஷி ஹெர்ட் தி நியூஸ், ஷி கிரைட்’ என்றால் எழுவாய் ஒன்றே என்பதால் ‘ஹியரிங் தி நியூஸ், ஷி கிரைட்’ என்று ‘இங்’ போடலாம். ‘வென் தி டீச்சர் கேம் இன், தி ஸ்டூடண்ட்ஸ் ஸ்டுட் அப்’ என்றால் எழுவாய் இரண்டு. ‘கமிங் இன், தி ஸ்டூடண்ட்ஸ் ஸ்டுட் அப்’ என்று எழுதினால் உள்ளே வந்தது மாணவர்கள் ஆகிவிடுவார்கள். அங்கே ‘ஆன் தி அரைவல் ஆஃப் தி டீச்சர்’ என்று பெயர் வழிக்கே போக வேண்டும். மூன்றாவது வழி ‘டூ... டு’. ‘தி பாக்ஸ் இஸ் ஸோ ஹெவி தட் ஐ கேனாட் லிஃப்ட் இட்’ என்பது ‘தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி ஃபார் மீ டு லிஃப்ட்’ என்றாகும். இதில் மதிப்பெண் போவது பெரும்பாலும் கடைசிச் சொல்லில்: ‘ஐ’யை ‘ஃபார் மீ’ ஆக்க நினைவிருக்கும், ‘இட்’டை எடுக்க மறந்துவிடும். அதுவும் குப்பைக்கூடைக்குப் போக வேண்டிய துண்டுதான்.